இடப்பக்கம் மட்டும் ஏன் இறங்கியிருக்கிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார். விதைப்பையில் இடப்பக்கம் தாழ்ந்திருக்கிறதாம். நாள் முழுக்க நின்று வேலை பார்த்தால் சாயங்காலம் அந்தப் பக்கம் கனத்து இழுக்கிறதாம். பஸ் ஸ்டாண்டு சுவர் நோட்டீஸ் ஒன்றில் இதையே அறிகுறியாகப் போட்டு, ‘இளமையில் செய்த தவறு’ என்று அச்சடித்திருந்ததைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. வீட்டில் பெண் பார்க்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்கிறார்.

தம்பி, தாழ்ந்திருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். பெரும்பாலான ஆண்களுக்கு இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. இறங்கியிருப்பது அநேகமாக இடதுதான். கிறிஸ் மெக்மானஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இத்தாலியில் 107 பழஞ்சிலைகளை இதற்காகவே உற்றுப் பார்த்து, 1976-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். வலதை உயரத்தில் வைத்ததில் சிற்பிகள் சரி. ஆனால் தாழ்ந்ததுதான் கனமாக இருக்கும் என்று எண்ணினார்களோ என்னவோ, இடதைப் பெரிதாகவும் செதுக்கிவிட்டார்கள். உண்மையில் வலதுதான் சற்றுப் பெரிது. 2002-இல் இதற்கு, சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசான இக் நோபலைக் கொடுத்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நோட்டீஸ்காரரைப் போல மிரட்டாமல் எண்ணிப் பார்த்துச் சொன்னாரே, அது பெரிது.

இனி அந்தக் கனம். கருவில் விதைகள் உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்கு அருகில். அங்கிருந்து இறங்கும்போது தமனி, சிரை, நரம்பு எல்லாவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகின்றன. (சிறுநீரகக் கல் நகரும்போது விதையில் வலிப்பது இந்தப் பழைய உறவால்தான்.) வலது சிரை சரிவாகப் போய்ப் பெருஞ்சிரையில் சேர்ந்துவிடுகிறது. இடது சிரைக்கு வழி நீளம். இன்னும் மேலே ஏறி இடது சிறுநீரகச் சிரையில் செங்கோணத்தில் முட்டுகிறது. அந்தச் சிறுநீரகச் சிரையும் இரண்டு பெரிய தமனிகளுக்கு நடுவே நெருக்கியடித்துப் போகிறது. நிற்கும்போது இவ்வளவு உயர ரத்தத்தின் பாரமும் கீழே இறங்குகிறது. சிரையின் வால்வுகள் தளர்ந்தால் ரத்தம் தேங்கி, விதைக்கு மேலே தடித்து வளைந்த சிரைகள் கையில் நிரடும். இதுதான் வெரிகோசில். நூறு ஆண்களில் ஏறத்தாழ 15 பேருக்கு உண்டு. பலருக்கு இருப்பதே தெரியாது. நின்றால் கனம், படுத்தால் நிம்மதி என்பது இதன் அடையாளம்.

அந்தச் சிரைகள் அங்கே ஏன் அப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதுதான் எனக்கு அலுக்காத விஷயம். விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பம் ஆகாது; இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக வேண்டும். அதற்காகத்தான் விதைகள் வெளியே தொங்குகின்றன. தோல் மெல்லியது, அடியில் கொழுப்பில்லை, வியர்க்கிறது. குளிரில் தசை மேலே இழுக்கிறது, வெயிலில் இறக்கிவிடுகிறது. ஆனால் உள்ளே வரும் தமனி ரத்தம் 37 டிகிரியில் அல்லவா வருகிறது?

பால் பண்ணையில் பாலைக் காய்ச்சிக் கிருமி நீக்கும் பாஸ்சரைசர் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு விடை எளிது. 72 டிகிரிக்குக் காய்ச்சிய பால் எஃகுத் தகடுகளின் ஒரு பக்கம் ஓடும். குளிர்ந்த பச்சைப் பால் மறுபக்கம் எதிர்த்திசையில் வரும். ஒன்று ஆற, மற்றது சூடேறும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் கொஞ்ச தூரத்திலேயே நடு வெப்பத்துக்கு வந்துவிடும், பிறகு மாற்றம் நின்றுபோகும். எதிரெதிரே ஓடினால் எந்த இடத்திலும் ஒரு பக்கம் சற்றுச் சூடு, மறுபக்கம் சற்றுக் குளிர்ச்சி. கடைசி வரை வெப்பம் கைமாறிக்கொண்டே இருக்கும். விதையைத் தாங்கி, தமனியும் சிரைகளும் சேர்ந்து போகும் வடத்தில் நடப்பதும் இதேதான். இறங்கிவரும் தமனியைச் சிரைகள் வலையாகச் சுற்றியிருக்கின்றன. தோலருகே ஆறிய ரத்தம் அவற்றில் மேலேறும்போது, தமனியின் சூட்டை வாங்கிக்கொண்டு உடலுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. 1961-இல் ஆஸ்திரேலியாவில் செம்மறிக் கிடாக்களில் அளந்தார்கள்: சுமார் 39 டிகிரியில் கிளம்பிய தமனி ரத்தம், விதையை அடையும்போது ஏறத்தாழ 35. மின்சாரமில்லை, பம்பில்லை.

வெரிகோசில் கெடுப்பது இந்த ஏற்பாட்டைத்தான். மேலிருந்து சூடான ரத்தம் திரும்பி வழிந்தால், குளிர வேண்டிய வலை சூடாகிவிடுகிறது. எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு விந்தணு குறைகிறது.

காங்கேயம் காளையைப் பொலிகாளையாகத் தேர்ந்தெடுக்கும்போது, விதைப்பையின் சுற்றளவை நாடா வைத்து அளந்து பார்க்கும் முறை உண்டு. கோவை வார்ப்படப் பட்டறையில் உலைக்கு முன்னால் நிற்கும் மனிதனை அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்? வெப்பத்தில் வேலை செய்வது விந்தணுவைப் பாதிக்கலாம் என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. உலையும் பாய்லரும் நிறைந்த கொங்கு மண்ணில், கருத்தரிப்பு மையங்களுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளியை நம் தொழிலாளர்களைப் பற்றிய நீண்டகால ஆய்வுக்குக் கொடுத்தால் என்ன?

ஒரே ஒரு வலிக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. திடீரென்று ஒரு பக்கம் கடுமையான வலி, கூடவே வாந்தி, விதை மேலே ஏறியிருக்கிறது என்றால் வடம் முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் அறுபடும்; ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். பதின்வயதுப் பையன்களுக்கு அதிகம் வருவது இது. அவர்களோ வெட்கப்பட்டு ‘வயிற்று வலி’ என்பார்கள். நள்ளிரவானாலும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வலியே இல்லாத கெட்டிக் கட்டியையும், படுத்தாலும் வடியாத வெரிகோசிலையும், வலப்பக்கம் மட்டும் வந்த வெரிகோசிலையும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

உங்களுக்கு, தம்பி: சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் காட்டுங்கள். நிற்கவைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லித் தொட்டுப் பார்ப்பார். தேவையானால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். வேலை நேரத்தில் இறுக்கிப் பிடித்து நிறுத்தும் உள்ளாடையே பலருக்குப் போதும். அறுவை சிகிச்சை எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம்போல ஆகும்; ஆகவே விந்துப் பரிசோதனையில் குறை தெரிந்தால் மூன்று மாதம் விட்டு இன்னொரு முறை பார்ப்பார்கள். இதற்காகப் பெண் பார்ப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அந்த நோட்டீஸ் விஷயம்: ஆண்மையைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாட்ஜ் அறை எண்ணோடு சுவரில் ஒட்டியிருந்தாலும்தான்.