ஸபோய்: தமிழில் என்ன சொல்லலாம்?

ரஷ்யாவில் ஓர் ஆள் சில நாளாக வேலைக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை என்றால், 'ஸபோய்க்குள் போய்விட்டான்' என்பார்கள். ஏதோ வெளியூருக்குக் கிளம்பிப் போனதுபோல. ஆனால் ஸபோய் என்றால் நாள்கணக்கில் விடாமல் குடிப்பது. மூன்று நாளில் திரும்பலாம், இரண்டு வாரமும் ஆகலாம். வீட்டுக்கே வந்து டிரிப்ஸ் ஏற்றி 'ஸபோயிலிருந்து வெளியே கொண்டுவரும்' மருத்துவர்களின் விளம்பரங்கள் அங்கே சகஜம்.

'பித்' என்றால் குடிப்பது. அதோடு 'ஸ' என்ற முன்னொட்டு சேர்ந்து வந்த சொல் இது. ஒன்றுக்குள் அளவு மீறிப் போய்விடுவதையும் அந்த முன்னொட்டு உணர்த்தும்.

சொல் மட்டுமல்ல, பாட்டிலும் அப்படித்தான். சோவியத் காலத்து வோட்கா அரை லிட்டர் பாட்டிலுக்கு மெல்லிய அலுமினிய மூடி; கிழித்தெடுத்தால் திரும்பப் போட முடியாது. திறந்தால் முடித்தாக வேண்டும்! எத்தனை லிட்டர் குடிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டால் இதெல்லாம் கணக்கில் வராது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் குடிக்கும் விதத்துக்கும் 1 முதல் 5 வரை புள்ளி போட்டது; 5 என்றால் மிக மோசம். சாப்பாட்டோடு ஒயின் குடிக்கும் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் 1, ரஷ்யாவுக்கு 5. 1985இல் சோவியத் தலைவர் கொர்பச்சோவ் மதுவைக் கட்டுப்படுத்தியதும் ஆண்களின் சராசரி ஆயுள் ஏறியது; பிடி தளர்ந்து, நாடும் உடைந்தபின் 1994இல் 58க்கும் கீழே விழுந்தது. இத்தனைக்கும் 2011 வரை அங்கே சட்டப்படி பீர் மதுவே இல்லை, உணவுப்பொருள்!

சரி, தமிழில்? 'மிதமிஞ்சிய குடி' என்றால் நாள் கணக்கு விட்டுப்போகிறது. 'குடிநோய்' வேறு, நோயாளி எல்லோரும் ஸபோய் போவதில்லை. என் ஓட்டு 'தொடர்குடி'க்கு.

'மொடாக்குடி' பொருந்தாதா? மிடா என்றால் பெரிய பானை. அதுதான் பேச்சில் மொடா ஆனது. அளவைச் சொல்கிறது, நாளைச் சொல்லவில்லை. ஒரே அமர்வில் அளவு மீறிக் குடிப்பதைச் சொல்லும் ஆங்கில 'பிஞ்ச்'சுக்கு வேண்டுமானால் கச்சிதம். அதுவும் மரப்பாத்திரத்தை ஊறவைப்பதைக் குறித்த வட்டாரச் சொல்தான். ஒரே அமர்வில் 60 கிராம் சுத்த ஆல்கஹால் உள்ளே போனால் அந்தக் கணக்கில் வரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மூர் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 77 மில்லி ஆல்கஹால்; எடையில் 60 கிராமுக்குச் சற்று மேலே வருகிறது. மொடாவெல்லாம் வேண்டியதில்லை.