கலாநிதிப் பட்டமும் கதிரையில் இருந்த மணித்தியாலங்களும்

உளவளத்துணை செய்பவரின் பெயருக்கு முன்னால் ‘கலாநிதி’ என்று இருந்தால் மட்டக்களப்பில் மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தப் பட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆய்வுக்கானது. தரவு சேர்த்து ஆய்வேடு எழுதுவது. பட்டங்களை மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகம் 12ஆம் மட்டத்தில் வைத்திருப்பது. உதவி தேடி வரும் ஒருவரையும் காணாமலே இதை முறைப்படி முடிக்கலாம். அதில் குற்றமில்லை, அதைக் காட்டி ஆட்களைப் பார்க்கத் தொடங்குவதில்தான் குற்றம்.

மற்றது தொழிற்பயிற்சியோடு சேர்ந்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற கற்கையில் குறைந்தது 3 வருட முழுநேரப் படிப்பும், அதற்குமேல் ஒரு வருட முழுநேர உள்ளகப் பயிற்சியும் வேண்டும். ஆய்வேடும் சேர்ந்தால் பலருக்கு 5, 6 வருடம் ஓடிவிடும். பிரித்தானியாவில் உளவளத்துணை உளவியல் கலாநிதிக் கற்கையில், மேற்பார்வையின் கீழ் குறைந்தது 450 மணித்தியாலம் உதவி தேடி வரும் ஆட்களோடு இருந்து செய்திருக்க வேண்டும்.

இந்த மணித்தியாலக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாடசாலை மண்டபத்தில் 200 பிள்ளைகளுக்குச் செய்த விழிப்புணர்வுக் கூட்டம் இதில் சேராது. குறிப்பு எழுதிய நேரமும் சேராது. மார்கழி வெள்ளத்திலும் வெள்ளாமை வெட்டிலும் ஆட்கள் வராமல் போவார்கள்; குறித்த நேரம் வேறு, நடந்த நேரம் வேறு. பதிவேட்டில் கிழமைக்குக் கிழமை கையெழுத்து வாங்க வேண்டும். கடைசி மாதத்தில் ஞாபகத்தில் இருந்து நிரப்பிய பதிவேடு, ஒரே பேனை மையிலேயே பிடிபட்டுவிடும்.

மேற்பார்வை என்பது கையெழுத்து மட்டுமல்ல. ஒரு அம்மா, “ஒரே யோசினையாக் கிடக்கு, நெஞ்சுக்குள்ள என்னவோ பண்ணுது” என்கிறா. பயிலுநர் உடனே, “யோசிக்காதீங்கம்மா, எல்லாம் சரிவரும்” என்கிறார். நல்ல மேற்பார்வையாளர் ஒலிப்பதிவை அந்த இடத்தில் நிறுத்துவார். ஆறுதல் சொன்ன வேகத்தில் அம்மாவின் கதை அடைபட்டுப் போனது. “என்ன யோசினை?” என்று கேட்டிருந்தால் அது காணாமல் போன மகனிடமோ நுண்கடன் தவணையிடமோ போயிருக்கும். தமிழ் தெரியாத மேற்பார்வையாளருக்கு இதையே மொழிபெயர்த்து அனுப்பினால், ‘நிறையச் சிந்திக்கிறேன்’ என்றுதான் போய்ச் சேரும். நம் பக்கத்தில் யோசினை என்றால் கவலை என்பது அந்தத் தாளில் இருக்காது. ஒலிப்பதிவுக்கு முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும், எப்போது அழிக்கப்படும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. குடி (தாய்வழி வம்சம்) பார்த்தால் உதவி தேடி வருபவர் மாமியாகவோ மச்சாளாகவோ வந்துவிடுவார். சொந்தக்காரரை எடுக்கக்கூடாது, வேறொருவரிடம் அனுப்ப வேண்டும். வெளிநாட்டுக் கையேட்டில் ஒரு வரியில் முடியும் இந்த விதி, களுவாஞ்சிகுடியிலோ அக்கரைப்பற்றிலோ பயிலுநரின் பாதி நாளைத் தின்றுவிடும்.

‘வீட்டிலிருந்தே 18 மாதத்தில் கலாநிதி’ என்ற விளம்பரத்தில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் பெயர் இருந்தால் நின்று வாசியுங்கள். முழுக்க இணையவழியில் நடக்கும் கற்கைக்கு அந்தச் சங்கம் அங்கீகாரம் கொடுப்பதில்லை. பணம் கட்டி எடுக்கும் தனிநபர் உறுப்புரிமையைத்தான் சிலர் அங்கீகாரம் போலக் காட்டுகிறார்கள். கட்டணம் கட்டுமுன் எத்தனை மணித்தியாலம், எந்த இடத்தில், யாருடைய மேற்பார்வையில், அவருக்குத் தமிழ் தெரியுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். “அதை நீங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் காசைக் கட்ட வேண்டாம்.