பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்

போன ஜூலையில் ஒரு சாயங்காலம், எங்கள் தண்டையார்பேட்டை வீட்டின் மேல்மாடியில் குடியிருக்கும் பெண் ஒரு ஜெராக்ஸ் கட்டோடு வந்தாள். பி.காம். சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள்தான். "அக்கா, சிலபஸ் வேணும்னு கேட்டேன். கடையில இதைக் குடுத்தாங்க, எண்பது ரூபா." பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி பழைய கேள்வித்தாள். நடுவில் இரண்டே இரண்டு தாள் பாடத்திட்டம், அதுவும் முந்தைய செட்டுக்கு, அதாவது அவளுக்கு முன் சேர்ந்தவர்களுக்கு, உரியது. பாடக் குறியீடே வேறு.

எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் பாடத்திட்டம் காசு கொடுத்துத் தேட வேண்டிய பொருள் இல்லை. சேர்க்கைக்கு முன்பே மாணவர் கைக்கு எட்ட வேண்டியது.

யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறையை அறிவித்தது. அதன்படி, சேர்க்கை தொடங்குவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பே கல்வி நிறுவனம் தன் தகவல் கையேட்டை வெளியிட வேண்டும் அல்லது இணையதளத்தில் ஏற்ற வேண்டும். என்னென்ன படிப்புகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பாடத்திட்டத்தின் சுருக்கம், வகுப்பு நேரம், செய்முறை வகுப்பு, ஒப்படைப்புகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அச்சிட்டு விற்றால், அச்சிடும் செலவையும் விநியோகச் செலவையும் தாண்டி லாபம் வைக்கக் கூடாது.

சரி, பாடத்திட்டத்தை யார் எழுதுகிறார்கள்? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். உங்கள் கல்லூரி பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியா, தன்னாட்சிக் கல்லூரியா என்பதைப் பொறுத்தது அது. பிராட்வேயில் உள்ள பாரதி மகளிர் கல்லூரி மாதிரி பெயருக்குப் பின்னால் 'தன்னாட்சி' என்று போட்டிருந்தால், அந்தக் கல்லூரியே தன் பாடத்திட்டத்தை வகுக்கும். ஒவ்வொரு துறைக்கும் பாடத்திட்டக் குழு ஒன்று இருக்கும். துறைத்தலைவர் தலைவராக இருப்பார். துறை ஆசிரியர்களோடு வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர்கள், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் ஆகியோரும் உட்கார்ந்து எழுதுவார்கள். அப்புறம் அது கல்லூரியின் அகாடமிக் கவுன்சில் எனும் கல்விக் குழுவில் ஒப்புதல் பெறும். இணைப்புக் கல்லூரி என்றால் இந்த வேலை எல்லாம் பல்கலைக்கழகத்தில் நடக்கும். வடசென்னையின் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு அது சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம்.

இணைப்புக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசிரியர் பாடத்திட்டத்தில் ஒரு வரியைக்கூட வெட்ட முடியாது. எந்த வாரம் எதை நடத்துவது என்பது மட்டும்தான் அவர் கையில். அதற்குப் பெயர் லெசன் பிளான். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். நான் படித்த கல்லூரியில் ஒரு பாடத்தை நான்கு யூனிட்டோடு முடித்துவிட்டார்கள். ஐந்தாவது என்று ஒன்று இருப்பதே எனக்குத் தேர்வறையில் கேள்வித்தாளைத் திருப்பும்போதுதான் தெரிந்தது. அந்தத் தாள் அரியர் விழுந்தது. ஒரே ஒரு பக்கம் முன்னாடியே கையில் இருந்திருந்தால் நானே உட்கார்ந்து படித்திருப்பேன்.

அந்தப் பக்கத்தை எப்படிப் பார்ப்பது? அந்த ஜூலைச் சாயங்காலமே பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து மேல்மாடிப் பெண்ணின் செட்டுக்கான பிடிஎஃப்பை இறக்கி, நிதிக் கணக்கியல் தாளைத் திறந்து இருவரும் உட்கார்ந்தோம். மேலே பாடக் குறியீடு. ஹால் டிக்கெட்டில் வருவதும் இதேதான், ஓர் எழுத்து மாறினாலும் வேறு தாள். பக்கத்திலேயே கிரெடிட். யுஜிசி கணக்கில் ஒரு கிரெடிட் என்பது ஒரு செமஸ்டரில் 15 மணி நேர வகுப்பு, செய்முறை என்றால் 30 மணி நேரம். ஆக, நான்கு கிரெடிட் பாடத்துக்கு 60 மணி நேரமாவது வகுப்பு நடந்தாக வேண்டும். அதைச் சொன்னதும் அவள் தன் டைம்டேபிளை எடுத்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். கீழே ஐந்து யூனிட், ஒவ்வொன்றிலும் தலைப்புகள், எதிரே மணி நேரம். கடைசியில் பாடநூல் பட்டியலும் மேற்கோள் நூல் பட்டியலும். கடையில் கிடைக்கும் கைடு எதுவும் அந்தப் பட்டியலில் இருக்காது என்பதையும் கவனியுங்கள்.

அரியர் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் தயாரித்த மாதிரிப் பாடத்திட்டம் 2023-24 கல்வியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய பாடத்திட்டம். பொறியியலில் 'ரெகுலேஷன் 2017', 'ரெகுலேஷன் 2021' என்று பிரித்துச் சொல்வதும் இதைத்தான். தம்பியின் புதுப் புத்தகத்தை வாங்கி அண்ணன் தன் அரியருக்குப் படிப்பது வீண் உழைப்பு. நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான பாடத்திட்டத்தையே தேடுங்கள். பழைய தாள் அடியோடு நின்றுபோயிருந்தால், அதற்கு இணையாக எந்தத் தாள் எழுதலாம் என்று தேர்வுப் பிரிவில் கேளுங்கள்.

முதல் வாரத்திலேயே துறைத்தலைவரிடம் போய், "எங்க செட்டோட சிலபஸ் வேணும் சார்" என்று கேட்டால் போதும், பெரும்பாலும் அன்றைக்கே வாட்ஸாப் குழுவில் வந்துவிடும். வரவில்லை என்றால் முதல்வருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் இல்லையா, மாணவர் குறைதீர்க் குழுவுக்குப் போங்கள். 2023 ஒழுங்குமுறைப்படி அந்தக் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும். பெண் ஒருவரும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் அதில் இருந்தாக வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அந்த முடிவு சரியில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வேறு கல்லூரிக்கு மாறுவதற்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ பழைய ஆண்டின் பாடத்திட்டம் வேண்டும், இணையத்தில் இல்லை என்றால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகம், அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி மூன்றும் அதற்குக் கட்டுப்பட்டவை. வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "இந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்கான இந்தப் பட்டப்படிப்பின் ஆறு பருவப் பாடத்திட்ட நகல் தேவை" என்று ஒரே வாக்கியம், ஆண்டையும் படிப்பையும் தெளிவாகக் குறிப்பிட்டு. ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்பார்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.