ரோட்டை அகட்டினால் சைக்கிள் பாதை வந்திடாது

போன கிழமை திரும்பவும் ஒரு மதகடியில, ரோட்டுக்குக் கீழால தண்ணி போகக் கட்டின இடத்தில. ரியூசன் முடிஞ்சு சைக்கிளில வந்த பிள்ளை, பின்னால டிப்பர், கால் முறிஞ்சு ஆசுபத்திரியில கிடக்குது. உடன பேஸ்புக்கில தொடங்கீற்றினம், "ரோட்டை அகட்டுங்கோ, அகட்டுங்கோ" எண்டு. வீதித் திட்டமிடல் வேலையில இருக்கிற எனக்கு உதை வாசிக்க வாசிக்க விசர்தான் வருது.

அகட்டினால் என்ன நடக்கும் எண்டு நினைக்கிறியள்? குண்டும் குழியுமா ரோட்டுக் கிடந்த காலத்தில லொறி உருண்டுகொண்டுதான் வந்தது. இப்ப காப்பெட் போட்டு, நேரா, அகலமா இருக்கேக்க ட்ரைவரின்ர கால் தானா அமத்தும், போர்டில 50 எண்டு எழுதியிருந்தாலும் ரோட்டு அவனுக்கு 80 எண்டுதான் சொல்லுது. 70இல வாற காரின்ர ட்ரைவர் பிள்ளையைக் கண்டு பிரேக்கில கால் வைக்க ஒண்டரை செக்கன் எண்டு வையுங்கோ, அதுக்குள்ளயே 29 மீற்றர் போயிடும், பிறகு பிரேக் பிடிச்சு நிக்க இன்னும் 27, எல்லாமா ஒரு 56 மீற்றர், அதுவும் காய்ஞ்ச ரோட்டில. 50இல வந்தால் 35. 30இல வந்தால் 18. மண் ஏத்தின டிப்பருக்கு, மாரி மழைக்கு, நீங்களே கூட்டிப் பாருங்கோ. சராசரி வேகம் நூற்றுக்கு ஒண்டு கூடினால் சாவு விபத்து நூற்றுக்கு நாலு கூடும் எண்டு உலக சுகாதார நிறுவனம் கன காலமா சொல்லுது. அகலம் பாதுகாப்பு இல்லை ஐயா, அகலம் வேகம்.

இன்னொண்டு. ரோட்டை அகட்டேக்க மதகை அகட்ட மாட்டினம், அது வேற எஸ்டிமேற். காசு காணாட்டில் முதல் வெட்டு விழுறதும் மதகடியில வாற ரோட்டுக்கரைக்குத்தான். அப்ப என்ன, ரெண்டு பக்கமும் நல்ல கரை வந்துகொண்டிருக்கும், மதகின்ர வெள்ளைக் கட்டு வந்த உடன டக்கெண்டு முடிஞ்சிடும், இடப்பக்கக் கரையில வந்த பிள்ளை திரும்பிப் பாக்காமல் வலப்பக்கம் வெட்டி ரோட்டுக்கு ஏறும். அந்த இடத்திலதான் நெடுகவும் அடிபடுது.

பாதை எண்டால் வீட்டில இருந்து பள்ளிக்கூடம், கிளினிக், சந்தை, பஸ் தரிப்பு வரைக்கும் அறாமல் போகோணும். இதைத்தான் ஒருத்தரும் பாக்கிறேல்லை, ஏன் எண்டால் ஒரு பாதை நாலு பேரின்ர கையில கிடக்கு. ஏ, பி எண்டு வகுத்த பெரிய ரோட்டெல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபை, அடுத்த தரமான சி, டி ரோட்டுகள் மாகாண வீதித் திணைக்களம், உள் ஒழுங்கைகள் பிரதேச சபை, வாய்க்கால் கரை நீர்ப்பாசனம். தருமபுரத்தில இருந்து விசுவமடுவுக்குச் சைக்கிளில போற பிள்ளைக்கு இடையில கிளிநொச்சி முடிஞ்சு முல்லைத்தீவு தொடங்குது எண்டு தெரியுமோ? ஆனால் பிளான் அந்த எல்லையோட நிண்டிடும். அங்கால மற்றவை பாக்கட்டும்.

எங்களிட்ட இருக்கிற பெரிய சொத்து இரணைமடுக் குளத்தின்ர வாய்க்கால் கரையள். பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில ஏறாமல் ஊருக்குள்ளால போகக் கூடிய பாதை கனக்கக் கிடக்கு. சைக்கிளும் நடக்கிற ஆக்களும் போகவும் வரவும் எண்டால் 3 மீற்றர் அகலம் வேணும், இறுக்கமான கிரவல் போதும், காப்பெட் வேண்டாம். ஆனால் நீர்ப்பாசனத்தின்ர அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்கேலாது, வாசலில தூண் போடாட்டில் ட்ராக்டரும் டிப்பரும் ஏறிக் கரையை உடைச்சுப்போடும். தூணுக்கிடையில இடைவெளி விடேக்க மூண்டு சில்லு வண்டியையும் யோசியுங்கோ. போரில காலை இழந்த சனம் எவ்வளவு பேர் இஞ்ச இருக்கினம், அவைக்கு மதகடியில ஒரு சாண் படி இருந்தாலே அதோட பாதை முடிஞ்சுது.

பெரிய ரோட்டைக் கடக்கிற இடத்தில கடவைக் கோடு மட்டும் கீறி விட்டால் காணாது. கடவையை மேடா உயர்த்தி, நடுவில நிண்டு பாக்க ஒரு திட்டு வைக்கோணும். பள்ளிக்கூட வாசலில வேகம் 30.

அபிவிருத்தி ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில எழும்பிக் காப்பெட் கேக்கிற பெரியவையளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மதகுக்குப் பக்கத்தில சைக்கிள் போக ஒரு சின்னப் பாலம் கேளுங்கோ. கேட்டால்தான் எஸ்டிமேற்றில வரும், நாங்களா எழுதினால் மேல வெட்டிப்போடுவினம்.

அதுவரைக்கும் தாய் தேப்பன்மார் பிள்ளையின்ர சைக்கிளுக்குப் பின்னால ஒரு ரிப்ளெக்டர் ஒட்டுங்கோ, முன்னால லைட் போடுங்கோ, போனுக்குக் குடுக்கிற காசில ஒரு துளியும் வராது. கரை இல்லாத ரோட்டில நடக்கிறவை வலப்பக்கமா, எதிர்ல வாற வாகனத்தைப் பாத்து நடவுங்கோ. மெயின் ரோட்டில டபிள் ஏத்தாதையுங்கோ, ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில கதைச்சுக்கொண்டும் போகாதையுங்கோ.

அதோட காலபோக அறுவடைக்கு ரோட்டுக்கரையில நெல்லுக் காயப்போடுறவை. களம் இல்லை எண்டு எனக்கும் தெரியும், உங்களோட சண்டைக்கு வரேல்லை. ஆனால் நெல்லுக்குக் காவலா சுத்திவர வைக்கிற கல்லையும் குத்தியையும், நெல்லை அள்ளின பிறகும் அப்பிடியே விட்டிட்டுப் போறியள் பாருங்கோ, இருட்டில சைக்கிளில வாறவனுக்கு அது எப்பிடித் தெரியும்? நெல்லை அள்ளேக்க அதையும் சேத்து அள்ளுங்கோ.