அலையைக் கண்டதும் பெயர் சூட்டாதீர்கள்: ஃபெரோஎலெக்ட்ரிக் படிகங்களும் ஃபெம்டோ வினாடி லேசரும்

அதிவேக லேசர் அளவீட்டுக்குப் புதிதாக வருபவர்கள், திரையில் சீராக ஏறியிறங்கும் அலையொன்று தெரிந்தவுடன் அதைப் படிகத்தின் மென் அதிர்வு என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி எழுதிவிட்டுப் பின்னர் அடித்துத் திருத்தியவர்களில் நானும் ஒருவன்.

அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. வெப்பநிலை மாற்றப்புள்ளியை நெருங்க நெருங்க அணுக்களின் மென் அதிர்வு எனப்படும் ஒரு குறிப்பிட்ட கூட்டதிர்வு மெதுவாகி, ஈற்றில் படிகத்தின் அமைப்பே மாறிவிடுகிறது என்பது இத்துறையின் அடிப்படைச் செய்தி. 573 டிகிரி செல்சியஸில் உருமாறும் குவார்ட்சில் இத்தகைய அதிர்வை சி.வி. ராமனும் நெடுங்காடியும் 1940-இலேயே கண்டனர். வெளி மின்புலம் இல்லாமலேயே மின்முனைவாக்கம் கொண்ட, அதை மின்புலத்தால் திருப்பவும் முடிகிற ஃபெரோஎலெக்ட்ரிக் படிகங்களுக்கான விளக்கத்தை 1960 வாக்கில் இயற்பியலாளர்கள் கோக்ரனும் ஆண்டர்சனும் தந்தனர்.

அளவீட்டின் கருத்து எளிது. முதல் லேசர் துடிப்பு அணுக்களை ஒரே தாளத்தில் உலுக்கிவிட, தாமதித்து வரும் இரண்டாம் துடிப்பு அந்த அசைவால் ஒளிவிலகல் எண் எப்படி மாறுகிறது என்பதைப் படிக்கிறது. தாமதத்தைக் கண்ணாடியை நகர்த்தித்தான் உண்டாக்குகிறோம்: 1 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒளி 2 மில்லிமீட்டர் கூடுதலாகப் பயணித்து, ஏறத்தாழ 6.67 பிகோ வினாடி (ஒரு பிகோ வினாடி என்பது வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) பிந்துகிறது.

சிக்கல் தொடங்குவது துடிப்பின் அகலத்தில். லித்தியம் நியோபேட் என்ற ஃபெரோஎலெக்ட்ரிக் படிகத்தில் 7.6 டெராஹெர்ட்ஸ் (வினாடிக்கு 7.6 லட்சம் கோடி சுற்றுகள்) அளவில் உள்ள அதிர்வின் ஒரு சுற்று சுமார் 130 ஃபெம்டோ வினாடிதான்; ஃபெம்டோ வினாடி என்பது பிகோ வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் பாதியைவிடக் குறுகிய துடிப்பு இல்லாவிட்டால் உலுக்கல் மழுங்கிவிடும். ஆகவே 100 ஃபெம்டோ வினாடித் துடிப்பைக் கொண்டு தேடிவிட்டு 'அந்த அதிர்வு இல்லை' என்று சொல்வதில் பொருளில்லை. லேசரின் வாயிலில் அளந்த அகலத்தையும் நம்ப வேண்டாம்: 800 நானோமீட்டர் அலைநீளத்தில் 30 ஃபெம்டோ வினாடியாகப் புறப்படும் துடிப்பு, 10 மில்லிமீட்டர் உருகிய சிலிக்காவைக் கடக்கும்போதே சுமார் 45 ஆக அகன்றுவிடுகிறது. லென்ஸ்களையும், மாதிரியை வைத்துக் குளிர்விக்கும் குளிர்கலத்தின் சாளரத்தையும் தாண்டி, மாதிரி இருக்கும் இடத்திலேயே அளக்க வேண்டும்.

எங்கள் மேசையில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள லித்தியம் நியோபேட் தகடொன்று, ஏழரை பிகோ வினாடிக்கு அருகில் அழகானதொரு மேட்டைக் காட்டியது. படிகத்துக்குள் ஓடித் திரும்பும் போலாரிட்டான் அலை (ஒளியும் படிக அதிர்வும் பிணைந்து செல்லும் அலை) அது என்று இரண்டு வாரம் வாதிட்டோம். தகட்டின் பின்முகத்தில் பட்டு எதிரொளித்த துடிப்பு போய்வர ஆகும் நேரமும் அதேதான் என்று பிறகு உறைத்தது. தடிமனை மாற்றிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. அதை முதல் நாளே செய்திருக்கலாம். பூச்சியத் தாமதத்தில் இரு துடிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது எழும் கூர்முனையும் இவ்வகைப் போலியே. அதை நீக்கிய பிறகே, அலையில் எந்தெந்த அதிர்வெண்கள் உள்ளன என்று பிரித்துக் காட்டும் ஃபூரியே உருமாற்றம் செய்யலாம்.

இன்னொரு ஃபெரோஎலெக்ட்ரிக் படிகமான பேரியம் டைட்டனேட் இன்னும் வஞ்சகமானது. அதன் நாற்கோண நிலையில் மென் அதிர்வு கடுமையாகத் தணிக்கப்படுவதால், அலையாகத் தெரியாமல் வெறும் சரிவாகவே தெரியும். சுமார் 120 டிகிரிக்கு மேல் படிகம் கனசதுரமாகும்போது அந்தச் சைகையும் மறைகிறது. அதிர்வெண் பூச்சியமாகிவிட்டது என்று இதற்குப் பொருளல்ல; மையச் சமச்சீர் (மையத்தின் இருபுறமும் அணுக்கள் நேரெதிராக ஒத்து அமைவது) வந்துவிட்டதால், இந்த அளவீடு நம்பியிருக்கும் முதல்நிலை ராமன் சிதறலில் (படிக அதிர்வு ஒளியின் அதிர்வெண்ணை மாற்றும் சிதறல்) அவ்வதிர்வு பங்குபெற இயலாமற்போகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட வரைபடங்களை இன்றும் பார்க்கிறேன். கனசதுர நிலையில் அகச்சிவப்பு அல்லது டெராஹெர்ட்ஸ் ஒளியே அந்த அதிர்வை நேரடியாகத் தொடும்.

கடைசியாக, வெப்பம். வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் எண் படிகத்தாங்கியின் வெப்பநிலையே. லேசர் படும் புள்ளி அதைவிடச் சூடாக இருக்கலாம். உலுக்கும் துடிப்பின் ஆற்றலைப் பாதியாக்கி, பிறகு கால்பங்காக்கி, ஒவ்வொரு முறையும் அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீச்சு ஆற்றலுக்கேற்பக் குறைந்து அதிர்வெண் அசையாதிருந்தால் மேலே செல்லலாம்; அதிர்வெண்ணும் நகர்ந்தால், கியூரிப் புள்ளிக்கு (படிகம் உருமாறும் வெப்பநிலைக்கு) அருகில் எடுத்த தரவுகள் அனைத்தையும் குறைந்த ஆற்றலில் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.