டிஜே மென்பொருளில் நாம் செய்த வேலை எங்கே சேமிக்கப்படுகிறது?

புதிய லேப்டாப்புக்கு மாறும் டிஜேக்கள் பலர், பாடல் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துவிட்டால் போதும் என்று நம்பிவிடுகிறார்கள். பாடல்கள் வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு பாடலிலும் குறித்துவைத்த ஹாட் கியூ (பொத்தானை அழுத்தியதும் பாடல் தாவிச் செல்லும் இடக்குறி; சுருக்கமாக கியூ), லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி), திருத்திய பீட் கிரிட் (தாள அடிகள் விழும் இடங்களைக் காட்டும் கோடுகள்) ஆகியவற்றைப் பல மென்பொருள்கள் தம்முடைய தனித் தரவுத்தளத்தில் வைத்திருப்பதால், அவை பழைய கணினியிலேயே தங்கிவிடும்.

தமிழ்த் திரைப்பாடல்களை ஒலிக்கவிடுபவர்களுக்கு இது சிறிய இழப்பு அன்று. கணினியில் தாளம் அமைத்த இன்றைய பாடல்களுக்கு மென்பொருளே பெரும்பாலும் சரியான கிரிட்டை வரைந்துவிடுகிறது. 1970களில் இசைக்கலைஞர்கள் கூடி அமர்ந்து வாசித்துப் பதிவான பாடல்களிலோ, வேகம் இடத்துக்கு இடம் சற்றே கூடும், குறையும். ஒரே வேகம் என்று கணித்து வரையப்படும் கிரிட், பல்லவியில் பொருந்தி நின்று, இரண்டாம் சரணத்துக்குள் விலகிப் போயிருக்கும். ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையில் அமைந்த பாடல்களில், நான்கடித் தாளத்தையே எதிர்பார்க்கும் மென்பொருள் வேகத்தையே தவறாகக் கணிப்பதும் உண்டு. இவற்றைக் காதால் கேட்டு, இடையிடையே கிரிட்டை நகர்த்திப் பொருத்துவது பொறுமையும் நேரமும் கோரும் வேலை. அப்படித் திருத்திய பாடலை உடனே பூட்டிவைக்க வேண்டும். பூட்டாத பாடலை மென்பொருள் மறுபடி பகுப்பாய்வு செய்தால் நம் திருத்தம் அழிந்துவிடக்கூடும்.

செராட்டோ என்ற மென்பொருள், கியூவையும் கிரிட்டையும் பாடல் கோப்புக்குள் தகவல்கள் பதியும் டேக் பகுதியிலேயே எழுதிவிடுகிறது; ஆனால் கிரேட் எனப்படும் தொகுப்புகள் அதன் பெயரிலேயே உள்ள தனி ஃபோல்டரில் இருக்கும், அந்த ஃபோல்டர் வெளி ஹார்டு டிஸ்க் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக உருவாகும். ரெகார்ட்பாக்ஸ் மென்பொருளில் இவை தரவுத்தளத்தில்தான் இருக்கிறது என்பதால், ஃபைல் மெனுவில் உள்ள லைப்ரரி பேக்கப் வசதியைப் பயன்படுத்த வேண்டும். டிராக்டர், விர்ச்சுவல் டிஜே, கட்டணமில்லாத மிக்ஸ் (Mixxx) ஆகிய மென்பொருள்களிலும் பாடல் கோப்புகளோடு தரவுத்தளக் கோப்பையும் சேர்த்து நகலெடுப்பதே பாதுகாப்பு.

பாடல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் அந்தத் தரவுத்தளம் நினைவில் வைத்திருக்கிறது. ஃபோல்டரின் பெயரை மாற்றியபின் பாடல் காணவில்லை என்று மென்பொருள் சொன்னால், பாடலைப் புதிதாகச் சேர்க்கக் கூடாது. கியூவைத் தரவுத்தளத்தில் வைக்கும் மென்பொருள்களில், அப்படிச் சேர்த்தால் கியூ எதுவும் இல்லாத வெற்றுப் பதிவு ஒன்று உருவாகும். மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் ரீலொகேட் வசதியால் புதிய இடத்தைக் காட்டிவிட்டால் பழைய குறிப்புகள் அனைத்தும் திரும்பக் கிடைக்கும்.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் எம்பி3 பாடல்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கோப்பின் தொடக்கத்தை மென்பொருள்கள் வெவ்வேறு விதமாகக் கணக்கிடுவதால், சில பாடல்களில் எல்லாக் கியூவும் ஏறத்தாழ 26 மில்லிவினாடி தள்ளி விழும். தனியாகக் கேட்கும்போது இது தெரியாவிட்டாலும், இரு பாடல்களைச் சேர்த்து ஓட்டும்போது அடி இரட்டிப்பது காதில் விழும்.

பென்டிரைவிலிருந்து வாசிப்பவர்களுக்கும் ஒரு சொல். ஏற்றுமதி செய்தபின் லேப்டாப்பில் செய்யும் மாற்றங்கள் தாமாகப் பென்டிரைவுக்குப் போகா. மேடையில் பிளேயரிலேயே குறித்த கியூவும் தானாக லேப்டாப்புக்கு வராது. நிகழ்ச்சி முடிந்ததும் அவற்றை முதலில் லேப்டாப்புக்குள் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகே அடுத்த ஏற்றுமதியைத் தொடங்க வேண்டும்.