லே-ஆஃப் என்பது பணிநீக்கம் அன்று

‘இயந்திரம் பழுதானதால் கீழ்க்கண்ட தொழிலாளர்கள் ஆறு நாள்களுக்குத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்கள்’ என்று ஓர் ஆலையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பட்டியலில் தம் பெயரைக் கண்ட ஒருவர், பி.எஃப். பணத்தை எப்போது எடுக்கலாம் என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. தாளில் இருந்த சொல்லுக்கு அதுதான் பொருள். எழுதியவர் சொல்ல நினைத்ததோ ‘லே-ஆஃப்’.

அப்பால் வைத்தல் என்பதே அந்த ஆங்கிலத் தொடரின் நேர்பொருள். வேலை குறைந்த நாள்களில் ஆள்களைச் சிறிது காலம் ஒதுக்கி வைப்பதற்கு வழங்கிய அது, பின்னர் ஒரேயடியாக வெளியேற்றுவதையும் குறிக்கலாயிற்று. மென்பொருள் நிறுவனச் செய்திகளில் வருவது இந்தப் பிந்தைய பொருள். அதை ஆட்குறைப்பு என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை.

இந்தியச் சட்டத்தின் லே-ஆஃப் வேறு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட வரையறையின்படி, நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் பற்றாக்குறை, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது போன்ற காரணங்களால், பதிவேட்டில் பெயருள்ள, ஆட்குறைப்புக்கு உள்ளாகாத தொழிலாளிக்கு முதலாளி வேலை தரத் தவறுவதும், மறுப்பதும், தர இயலாமற்போவதும் லே-ஆஃப் ஆகும். 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இதை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டது.

பதிவேட்டில் பெயர் இருப்பதே இவ்வரையறையின் உயிர். பெயரை எடுப்பதுதான் நீக்கம்; ‘தற்காலிக’ என்ற அடைமொழியை முன்னால் ஒட்டிவிட்டால் நீக்கம் நீக்கமில்லாமல் ஆகிவிடாது. போதாக்குறைக்கு, இதே தொடரைத்தான் நாளிதழ்கள் ‘சஸ்பெண்ட்’ செய்வதற்கும் வழங்கிவருகின்றன. அது குற்றச்சாட்டின் மேல் எடுக்கும் நடவடிக்கை. பழுது இயந்திரத்தில் இருக்க, பழி தொழிலாளியின் மேல் விழுகிறது.

இது வெறும் சொற்சண்டை அன்று. லே-ஆஃப் காலத்தில், சட்டம் கேட்கும் ஓராண்டுத் தொடர்பணி முடித்த தொழிலாளிக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பாதி இழப்பீடாகக் கிடைக்கும். ஆனால் பணிநேரத்தில், குறித்த வேளையில், நாளுக்கு ஒருமுறையேனும் அவர் ஆலைக்கு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் இழப்பீடு இல்லை. நீக்கிவிட்டார்கள் என்று நம்பி வீட்டில் இருப்பவர் அந்தப் பாதியையும் இழக்கிறார். மேலாளருக்கும் தலைவலிதான்: ஏழாம் நாள் இயந்திரம் ஓடத் தொடங்கும்போது, ஆள் வேறிடம் தேடிப் போயிருப்பார்.

‘கட்டாய விடுப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். விடுப்பு தொழிலாளி கேட்டுப் பெறுவது. இங்கே கையை விரிப்பவர் முதலாளி. ‘வேலைதராமை’ என்பதே என் தேர்வு. தவறுதல், மறுத்தல், இயலாமை என்று சட்டம் அடுக்கும் மூன்றையும் ‘தராமை’ என்ற ஓர் எதிர்மறைத் தொழிற்பெயர் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. தராதவர் யார் என்பதும் விளங்குகிறது. முதலாளி ஆலையை மூடித் தொழிலாளரை வெளியே நிறுத்தும் ‘லாக்-அவுட்’டுக்குக் கதவடைப்பு என்ற சொல் நிலைத்தது இத்தகைய வெளிச்சத்தால்தான். வேலைதராமை எடுப்பாக இல்லை என்பார்கள், இல்லைதான். ஆங்கில வரைவைத் தமிழாக்கும் அலுவலர்களுக்கு எடுப்பான சொல்லின் மேல் ஏன் இத்தனை மோகம் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. ‘ஆறு நாள்களுக்கு வேலை தர இயலாது, நாள்தோறும் காலையில் வந்து பதிவு செய்யவும்’ என்று எழுதியிருந்தால், பி.எஃப். பற்றி அவர் கேட்டிருக்கவே மாட்டார்.